பிரைமர் அடிக்காத சுவர்

அவர் பெயிண்டர். விற்பனைக்கு வரும் வீடுகளை விளம்பரப் படம் எடுப்பதற்குத் தயார் செய்து கொடுப்பதுதான் வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போட்ட வேலை. ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைப்பார். பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளை உப்புத்தாளால் தேய்ப்பார். மேலே வெள்ளை அடிப்பார். அவர் வேலையை முடித்துக் கதவைச் சாத்தினால், அந்த வீட்டில் யாரும் குடியிருந்ததாகவே தெரியாது. தரகர்கள் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

சொந்த வீட்டுக்குத்தான் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

"ஊர்ல எல்லார் வீடும் பளபளன்னு இருக்கு. எனக்குன்னு ஒரு பெயிண்டர் கிடைக்க மாட்டேங்கிறாரே," என்பாள் அவர் மனைவி.

"அட்வான்ஸ் குடு, வர்றேன்," என்பார் அவர்.

மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதோடு நின்றது.

அவருக்கு முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் போனது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு வந்துவிடுவதாக அவரே சொன்னார். படம் எடுக்க ஆள் வரும் நாளைத் தரகர் சொன்னதும் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. இருவரும் சேர்ந்து சாமான்களை மூட்டை கட்டினார்கள்.

"படுக்கையறையை நான் பாத்துக்கறேன். நீ அடுப்படியைப் பாரும்மா," என்றார்.

அந்த அறையில் கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரு கறை இருந்தது. அம்மா அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டுதான் ரேடியோ கேட்பாள். தலை எண்ணெய் ஊறி ஊறி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுவர் பழுப்பேறிப் போயிருந்தது.

மறுநாள் காலை மகள் எட்டிப் பார்த்தாள். சுவர் புது வெள்ளையில் இருந்தது. நடுவில் கறை மறுபடி தெரிந்தது. பிரைமர் அடிக்காமல் பெயிண்ட் அடித்தால் எண்ணெய் மேலே வந்துவிடும். தொழிலுக்கு வரும் எவரும் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். பிரைமர் டப்பா மூடிகூடத் திறக்காமல் மூலையில் இருந்தது.

"பிரைமர் அடிக்கலையாப்பா?"

"மறந்துட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

படம் எடுப்பவர் வந்தார். கட்டில் விரிப்பைச் சரி செய்து, கேமராவில் கண்ணை வைத்தவர் நிமிர்ந்தார்.

"சார், இந்த இடம் மட்டும் ஈரமாத் தெரியுதே. ஒழுகுதா?"

"ஒழுகல தம்பி. என் சம்சாரம் சாஞ்சு உக்கார்ற இடம்."

வந்தவர் தடுமாறிப் போனார். "சரி சார், விடுங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷமா? என் பொழப்புல மண்ணைப் போட்டுருவீங்க போலிருக்கே!"

அப்பா சிரித்தார். மகளுக்கு அப்பாடா என்றிருந்தது. படத்துக்குச் சுவர் சுத்தம். வீடு கைமாறும்வரையாவது அம்மா சாய்ந்த இடம் பத்திரம்.

மாலையில் படங்கள் ஃபோனுக்கு வந்தன. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். கறை இருந்த இடத்தில் பால் போல வெள்ளை. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"வீடு பாக்க எப்ப வர்றாங்க?"

"ஞாயித்துக்கிழமை. அலமாரியை நகர்த்தி இங்க வெச்சுடலாம்பா. யாரு கேக்கப் போறாங்க?"

"நாம போனப்புறம் வீட்டை வாங்கினவன் பாப்பான். ஒழுகுதுன்னு நெனச்சு சுவரை உடைப்பான்."

"உடைச்சா உடைக்கட்டும்."

"படத்துல ஒண்ணு, சுவத்துல ஒண்ணு. நான் அடிச்ச வீட்டுல அப்படி இருந்ததில்லம்மா."

மூலையிலிருந்த பிரைமரைக் கையால் காட்டினார்.

"அந்த டப்பாவைத் திற."

"நான் அடிக்கறேன்ப்பா."

"நீ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

கறையின் ஓரத்திலிருந்து உள்நோக்கி அடித்துக்கொண்டு வந்தார். அப்படி யாரும் அடிப்பதில்லை என்று இருவருக்கும் தெரியும். உள்ளங்கையளவு மிச்சமிருந்தபோது பிரஷ் நின்றது. பிரைமர் நெடி கண்ணைக் கரித்தது.

"இந்த நாத்தம் உங்கம்மாவுக்கு ஆகவே ஆகாது," என்றார். "வேலை விட்டு வந்தா என்னை வாசல்லயே நிறுத்திடுவா."

பிறகு அதையும் அடித்தார்.

மேல் கோட் இரண்டையும் மகள்தான் அடித்தாள். அவர் அந்த அறைக்கு வரவில்லை.