கைக்குட்டைப் பூட்டு

சென்ற வாரம் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில், நாகர்கோவில் பேருந்தின் சன்னல் வழியே இடம்பிடிக்கக் கைக்குட்டையை இருக்கையில் போட்டுவிட்டுச் சுற்றி வந்து ஏறினேன். அந்த இடத்தில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். "அண்ணா, இது உங்களோடதா? கீழ விழாம எடுத்து வச்சேன்" என்று மடித்து நீட்டினார். முகத்தில் துளியும் கள்ளமில்லை. நண்பரே, அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. கைக்குட்டையின் சோப்பு மணத்தோடு கழக்கூட்டத்தில் வேலை பார்த்த நாட்களும் வந்து ஏறிக்கொண்டன.

தொண்ணூறுகளின் இறுதி. கல்லூரிப் பேச்சுமேடைகளில் வென்ற கோப்பைகளின் கனம் தோளைவிட்டு இறங்காத காலம். ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மருத்துவமனை ஒன்றின் நோயாளி விவரங்களைக் காக்கும் தரவுத்தளத்தை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய பதிவுகளை அதற்குள் ஏற்றும் சிறு நிரல் என்னுடையது. ஒரே கோப்பில் இரு நிரல்கள் ஒருசேர எழுதினால், ஒருவரின் இரத்த வகை இன்னொருவர் பெயரில் போய் அமரும். அதனால் தரவுத்தளம் எழுதும்போதெல்லாம் கோப்பைப் பூட்டிக்கொள்ளும்.

"இந்தப் பூட்ட லினக்ஸுல தனியா டெஸ்ட் பண்ணணும்" என்றாள் ஸ்டெல்லா. பாறசாலைக்காரி, நான் சேர்ந்த அதே நாளில் சோதனைப் பிரிவில் சேர்ந்தவள். விடுவேனா? எழுந்தேன். பூட்டு எங்கும் பூட்டே, கதவு மாறினால் அதன் அறம் மாறுமா என்று கால்மணி நேரம் முழங்கினேன். மேலாளர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். சோதிக்காமலே திங்கட்கிழமை மருத்துவமனைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று.

"பிரசங்கம் அடிபொளி. ஆனா லினக்ஸுக்குக் காது உண்டா மக்கா?" என்றாள் அவள்.

மறுநாள் தன் கணினிக்கு அழைத்தாள். தரவுத்தளம் கோப்பைப் பூட்டியிருந்தது. என் நிரலை ஓடவிட்டாள். விண்டோஸாக இருந்தால் தடுத்து நிறுத்தியிருக்கும். அதனால் என் நிரல் தானாக எதையும் கேட்கப் பழகியதே இல்லை. இங்கே அது தங்குதடையின்றி எழுதியது. திரையில் ஒருவர் பெயருக்கு எதிரே மற்றவரின் இரத்த வகை.

"பூட்டு இருக்கு, அல்லே?"

"இருக்கே! பின்ன எப்படி நுழைஞ்சுது?"

"பஸ்ஸுல கர்ச்சீப் போடுவோம்லா, அதுதான் இது. கேக்கவனுக்குத்தான் பூட்டு. உன் புரோகிராம் உன்னப் போல, யாரையும் கேக்காது."

வெட்கத்தை முந்திக்கொண்டு வியப்பு வந்தது. காவலரே இல்லாத ஊர்! எழுதுமுன் ஒவ்வொரு நிரலும் 'உள்ளே யாரேனும் உண்டா?' என்று தானாகவே கேட்கும் என்ற நம்பிக்கையின் மேல் இத்தனையும் நின்றன. அதட்டும் பூட்டை மட்டுமே அறிந்த நான், மரியாதையால் ஆன பூட்டை அன்றுதான் கண்டேன்.

மாலைக் கூட்டத்தில் மறுபடியும் எழுந்தேன். எனக்கெதிராக நானே ஆற்றிய ஒரே உரை; மூன்று வாக்கியங்கள். நான் சொன்னது தவறு. ஸ்டெல்லா சொன்னது சரி. திங்கட்கிழமை அனுப்பக் கூடாது. கைதட்டல் இல்லை. மேலாளர் முகம் சுளித்தபடி மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்யப் போனார். ஸ்டெல்லா மட்டும், "இது கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள்.

அந்த நிறுவனம் இன்றில்லை; என் நிரலில் நான் பிறகு எழுதிச் சேர்த்த கேள்வியும் அதனோடு போயிற்று. ஸ்டெல்லா கடல் கடந்துவிட்டாள். தொலைதூரப் பேருந்துகளில் இருக்கைக்கு எண் வந்துவிட்டது; கைக்குட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள்.

இளைஞரிடம் சொல்ல அழகிய வாதம் ஒன்று நாவில் திரளத்தான் செய்தது. ஆனால் கேட்க வேண்டும் என்பதையே அறியாதவர் அவர், என் பழைய நிரலைப் போல. "நன்றி தம்பி" என்று கைக்குட்டையை வாங்கிக்கொண்டு, நெய்யாற்றின்கரை வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.