அவளுக்கென்று வைத்த நிலம்

என் கணவருக்கு வலது தோள்பட்டை இறுகிப்போன வருஷம் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்சார ஃப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்குச் சூளை அடுக்கும் வேலை. வேகாத கட்டைகளைத் தட்டோடு தலைக்கு மேல் தூக்கி அடுக்க வேண்டும். ஒருநாள் காலை சட்டை மாட்டுவதற்காகக் கையைத் தூக்கியவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். கை அதற்கு மேல் எழவில்லை.

கடலூர் ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் போகச் சொன்னார்கள். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால், சனிக்கிழமைகளில் மகள்தான் அவரோடு பஸ்ஸில் போய் வந்தாள். அங்கே பிசியோதெரபி பார்த்தது ஒரு சின்ன வயதுப் பெண். சில மாதங்களில் கை மேலே போனது. அன்றைக்கு மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

“மா, அந்த அக்கா ஊசி போடல, மாத்திரை குடுக்கல. கையைப் புடிச்சுப் புடிச்சே சரி பண்ணிட்டாங்க. நானும் அதைத்தான் படிக்கப் போறேன்.”

பிள்ளைகள் அந்த வயதில் சொல்வதுதானே என்று நான் நினைத்தேன். ஆனால் அவள் மாறவே இல்லை. பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவை எடுத்தபோதும் அதையேதான் சொன்னாள்.

அந்தப் படிப்பில் அரசு கல்லூரி இடங்கள் குறைவு, தனியாரில் சேர்ந்தால் ஃபீஸோடு ஹாஸ்டலும் சேரும் என்று விசாரித்ததில் தெரிந்தது. நாங்கள் அதற்கெல்லாம் தயாராக இருப்பதாகத்தான் நம்பினோம். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் அப்பா எனக்கென்று எழுதிவைத்த அரைக் காணி நிலம் இருந்தது. அண்ணன்தான் அதில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. நெல்லில் ஒரு மூட்டையும், மல்லாட்டை பிடுங்கும்போது ஒரு சாக்கும் எங்கள் வீட்டுக்கு வரும். மகள் பிறந்த வருஷமே அந்த நிலத்தைத் தொடக்கூடாது, அது அவள் காலேஜுக்கு என்று முடிவு செய்துவிட்டோம். வாடகை வீட்டில் இருந்தோம். ஓடு மாற்ற வேண்டிய நாத்தனார் வீட்டுக்குக் கை கொடுக்க முடியாமல் பேச்சு வாங்கினோம். நிலத்தை மட்டும் தொடவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் யாராவது பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தால் நான் முதலில் கேட்பது ஃபீஸைத்தான். ஒவ்வொரு ஜூனிலும் அந்தத் தொகை முந்தைய வருஷத்தைவிட ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னால் கணவர் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்.

“ஃபீஸு ஏறுனா நெலமும்தானே ஏறுது? ரெண்டும் ஒண்ணாத்தான் ஏறும், வுடு.”

எனக்கும் அந்தக் கணக்கு சரியென்றே பட்டது.

மகள் பிளஸ் ஒன் போனபோது கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே வந்து வந்து அடங்கும். இந்த முறை யாரோ கருவிகளோடு வந்து அளந்து, எங்கள் வரப்புக்கு அடுத்த எல்லைக் கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதாக அண்ணன் போனில் சொன்னார். எதற்கு அளந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பொதுத்தேர்வு முடிந்ததும் நிலத்தை விற்கச் சொல்லிவைத்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நெல் வியாபாரி, பேச்சில் நிதானமானவர். வரப்பில் நடந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, போர் ஓடவிட்டுத் தண்ணீரைக் குடித்தும் பார்த்தார். அண்ணன் வீட்டில் டீ குடித்துக்கொண்டே விலையும் பேசி முடிந்தது. முன்பணம் எடுக்கப் பைக்குள் கையை விட்டவர், கொஞ்சம் தயங்கினார்.

“தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துக் கல்லுல செவப்பு அடிச்சிருக்குதே, அது என்னாங்க?”

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். “யாரோ அளந்துட்டுப் போனாங்க. என்னா ஏதுன்னு எங்களுக்கே தெரியலைங்க.”

“எடுக்கப் போறாங்கன்னா எடுக்கட்டும், அதுக்கு ஒரு வெலை வரும். எடுக்கலைன்னா நான் பயிர் வைப்பேன். ரெண்டும் தெரியாம எப்படிங்க வாங்குறது?” அவர் கை வெறுமனே பையிலிருந்து வெளியே வந்தது. மிச்ச டீயையும் குடித்து, என் அண்ணியிடம் போயிட்டு வரேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டே கிளம்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் நிலத்தைப் பார்க்கக்கூட இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அதற்கும் கொடுத்துவிடலாம் என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு போன் செய்தபோது, வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

தாலுகா ஆபீஸில் விசாரிக்கலாம் என்று அண்ணனும் நானும் போனோம். அங்கிருந்தவர் உட்காரச் சொல்லி, சர்வே எண்ணை வாங்கிப் பொறுமையாகத்தான் பார்த்தார்.

“இந்த எண் எந்த லிஸ்ட்லயும் வரலைம்மா.”

“அப்ப எடுக்க மாட்டாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தர முடியுங்களா? வாங்க வர்றவங்ககிட்ட காட்டலாம்.”

“நாளைக்கு என்னா வரும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? எடுக்கறாங்கன்னா நோட்டீஸ் வரும். எடுக்க மாட்டாங்கன்னு யாரும் நோட்டீஸ் குடுக்கறதில்லையே.”

வெளியே வந்து வண்டியை எடுத்தோம். அண்ணன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “பாப்பா, நான் வேணும்னு பண்ணலம்மா” என்றார். ஏதோ அவர்தான் அந்தக் கல்லுக்குப் பெயின்ட் அடித்தது போல.

மகளுக்கு நல்ல மதிப்பெண்தான். கலந்தாய்வில் சேலம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவள் கேட்ட படிப்பே கிடைத்தது. கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பார்த்ததும் அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். சேர்வதற்கு ஒரு வாரம்தான் அவகாசம்.

மறுநாளே பாங்குக்குப் போனோம். மானேஜர் நல்ல மாதிரியாகவே பேசினார். கல்விக் கடன் உண்டு, கட்டாயம் கிடைக்கும், ஆனால் மனு மேலிடத்துக்குப் போய் வர வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்றார். என் கணவரின் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். சூளை அடுக்குபவர்களுக்கு யார் சீட்டு கொடுக்கிறார்கள்? என் பள்ளியிலும் சம்பளம் கையில்தான்.

“நீங்க மொதல்ல எங்கயாவது பொரட்டி ஃபீஸைக் கட்டிடுங்க மேடம். லோன் வந்ததும் அடைச்சிக்கலாம்.”

என் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தேன். அண்ணி, நான் கேட்காமலேயே தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கணவர் முதலாளியிடம் முன்பணம் கேட்கப் போனார். ஆர்டர் குறைந்து அந்த வாரம் சூளையே மூட்டவில்லை. முதலாளி தன் மகனுக்கே இன்னும் ஃபீஸ் கட்டவில்லை என்று சொன்னாராம். பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் சேர்த்தும் ஃபீஸுக்கு மட்டும் எட்டியது. ஹாஸ்டலுக்கும் முதல் வருஷத்துப் பணத்தைச் சேரும்போதே கட்ட வேண்டும் என்றார்கள். தவணை கேட்டு அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண் இரக்கப்பட்டாள். “என்னால ஒண்ணும் பண்ண முடியாது மேடம், சிஸ்டம் எடுத்துக்காது” என்றாள்.

அந்தக் கடைசி நாள் நாங்கள் மூவரும் வீட்டில்தான் இருந்தோம். சண்டை இல்லை, அழுகை இல்லை. கணவர் இரண்டு முறை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். யாரிடம் போவதென்று தெரியாமல் இரண்டு முறையும் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தார். சாயங்காலம் மகள் முகம் கழுவிவிட்டு வந்து, “டைம் முடிஞ்சிடுச்சும்மா. அண்ணி தோட்டை நாளைக்கே மீட்டுக் குடுத்துடு” என்றாள். மாமியை அவள் அண்ணி என்று சொன்னது என் வாய்ச்சொல் தொற்றிக்கொண்டுதான். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன்.

உள்ளூர் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. ஃபீஸ் ஒரு பொருட்டே இல்லை. கடன் சம்பந்தமாக பாங்கிலிருந்து போன் வந்தபோது அவள் அங்கே சேர்ந்து முதல் பரீட்சையும் எழுதிவிட்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. நிலம் அப்படியே கிடக்கிறது. யாரும் எடுக்கவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை.

போன தை மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், பொண்ணு என்ன படிக்குது என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மகளே சொன்னாள்.

“பி.எஸ்சி. படிக்கிறேன் பெரியம்மா. முடிச்சிட்டு பி.எட். பண்ணிட்டு அம்மா மாதிரி டீச்சராவப் போறேன்.”

“நல்லது கண்ணு. பொம்பளைப் புள்ளைக்கு ஏத்த வேலை” என்றார் அவர்.

இந்த முடிவை அவள் எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதே இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எவ்வளவு நேரம் பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை. தனியார் பள்ளி டீச்சரின் சம்பளம் எவ்வளவு என்பது அந்தப் பந்தியில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அதைக் கொண்டு நாளைக்கு அவள் தன் பிள்ளையை என்ன படிக்க வைப்பாள்? பரிமாறுகிறவர் வந்து சாதம் போடட்டுமா என்று கேட்டார். நான் இலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். போடச் சொல்லியா, வேண்டாமென்றா என்று எனக்கே தெரியவில்லை. அவர் போட்டுவிட்டுப் போனார்.