ஏஜென்ட் சவரிராயனின் கார் கம்பெனி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் ஃபாக்டரி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் சவரிராயன். யாராவது கார் வாங்கப்போவதாகப் பேச்செடுத்தால் போதும், செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார். அவருக்கு ஒரே கம்பெனிதான். "கண்ண மூடிட்டு வாங்கு. எதுனா ஒண்ணுன்னா என்ன கேளு" என்பார். கம்பெனி அவருக்கு ஒரு காசு கொடுத்ததில்லை. இருந்தாலும் ஃபாக்டரியில் அவருக்கு ஏஜென்ட் என்றே பெயர்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், கொட்டும் மழையில், மனைவி அகஸ்டினாவோடும் கைக்குழந்தையோடும் அவருடைய முதல் கார் நின்றுபோனது. கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தார். நனைந்துகொண்டே பைக்கில் வந்த ஒருவன் வண்டியைச் சரிசெய்துவிட்டு, டீக்குக்கூடப் பணம் வாங்காமல் போனான். அன்றோடு அவர் மனதில் அந்தக் கம்பெனி ஒரு நல்ல மனுஷன் ஆகிவிட்டது.

அவர் சொல்லித்தான் தங்கை லினெட்டும் அதே கம்பெனி கார் வாங்கினாள். லினெட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மூலக்குளத்தில் வீடு. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அண்ணன்தான். தினமும் அதில்தான் பள்ளிக்குப் போய்வந்தாள்.

ஒருநாள் காலை ரெட்டியார்பாளையம் வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போய் மின்கம்பத்தில் மோதியது. லினெட்டின் காறை எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அண்ணா, நான் திருப்பினேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. திரும்பவே இல்ல."

சவரிராயன் சர்வீஸ் சென்டருக்குப் போனார். அவர்கள் காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் கோளாறு எதுவும் இல்லை, ஓட்டியவர் பதற்றத்தில் தடுமாறியிருப்பார் என்றார்கள். அவர் அதை அப்படியே எடுத்துவந்து, லினெட்டின் கணவர் விக்டர் முன்னால் சொன்னார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல லினெட். கம்பெனியே சொல்லிட்டான்."

"நான் சொல்றத நீ நம்பலையா?"

"நம்பறதுக்கு என்னம்மா இருக்கு? பயத்துல நமக்கு அப்படித் தோணும்."

விக்டர் கார் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். செல்போன் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பாள் என்று உறவில் பேச்சு கிளம்பியது. லினெட் கொஞ்ச நாள் மறுத்தாள். பிறகு விட்டுவிட்டாள். கட்டுப் பிரித்ததும் பஸ்ஸில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ரிப்பேராகி வந்த காரை எப்போதாவது விக்டர் எடுப்பார்.

ஒன்றரை வருடம் போனது. ஃபாக்டரி கேன்டீனில் மதியச் சாப்பாட்டின்போது, ஸ்டோர்ஸ் புருஷோத்தமன் செல்போனை நீட்டினார்.

"இன்னா ஏஜென்ட்டு, உங்க கம்பெனிக்காரன் வண்டியெல்லாம் திரும்பக் கூப்புடறானாமே?"

சவரிராயன் வாங்கிப் படித்தார். லினெட் கார் மாடல்தான். தயாரித்த வருடமும் அதேதான். ஸ்டியரிங்குக்கு விசை கொடுக்கும் மோட்டார் ஓட்டத்தில் திடீரென்று நின்றுவிட வாய்ப்பிருக்கிறதாம். அப்போது ஸ்டியரிங் மிகவும் இறுகிவிடுமாம். முன்னெச்சரிக்கையாக, இலவசமாக மாற்றித் தருகிறார்களாம்.

செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அழுகை வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அதுவும் வரவில்லை. கை கழுவிவிட்டு, வந்திருந்த சரக்கைப் பார்க்கப் போனார்.

சாயங்காலம் மூலக்குளம் போனபோது லினெட் அடுப்படியில் உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தாள்.

"நியூஸ் பாத்தியாம்மா?"

"முந்தாநாளே மெசேஜ் வந்துச்சு."

"எங்கிட்ட சொல்லலையே?"

"சொல்லி?"

விக்டர் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "மச்சான், இவங்கள சும்மா விடக்கூடாது. கேஸ் போடலாமா?"

"நீங்க சாவிய பீரோவுல வச்சதுக்கு யார் மேல கேஸ் போடறது?" என்றாள் லினெட். குரல் உயரவில்லை. விக்டர் கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

சவரிராயன் அடுப்படிக் கதவில் சாய்ந்தபடி சொன்னார். "நீ சொன்னத நான் கேக்கல."

"ம்."

"உன்னவிட அவன நம்பிட்டேன்."

அவள் எறாவின் முதுகு நரம்பை இழுத்துப் போட்டாள். "காபி போடட்டுமா?"

அந்தச் சனிக்கிழமை லினெட்டின் காரை அவரே சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனார். ஏசி ஹாலில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சரிதா என்று பேட்ஜ் குத்தியிருந்த பெண் சிரித்தபடி வரவேற்றாள்.

"பயப்பட ஒண்ணும் இல்ல சார். சின்ன பார்ட்தான். வண்டியும் வாஷ் பண்ணித் தர்றோம்."

"இந்த வண்டி ஏற்கெனவே ஆக்சிடென்ட் ஆனதும்மா. ஸ்டியரிங் திரும்பாமதான் ஆச்சு. நீங்க கோளாறு இல்லன்னு சொன்னீங்க."

அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "அது முடிஞ்சுபோன கம்ப்ளெய்ன்ட்னு காட்டுது சார். நான் அப்போ இங்க இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஓட்டினவங்களுக்கு இப்போ எப்படி இருக்கு சார்?"

சென்டரில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். "நல்லா இருக்கா" என்றார்.

கழற்றிய மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்றார். கம்பெனிக்கு அனுப்ப அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டியாகிவிட்டது என்றார்கள். அவர் வற்புறுத்தவில்லை.

திரும்பி வரும்போது வண்டி வழுவழுவென்று ஓடியது. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்ததை, வீட்டு வாசலில் விரல்கள் வலித்தபோதுதான் கவனித்தார். சாவியை நீட்டினார்.

"சரியாயிடுச்சாண்ணா?"

சரியாயிடுச்சு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "மாத்திட்டோம்னு சொன்னாங்க. நான் ஓட்டிட்டு வந்தேன், திரும்புச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

லினெட் சாவியை வாங்கிக்கொண்டாள். அண்ணனை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து கம்பெனியிலிருந்து போன் வந்தது. சர்வீஸ் திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். "பத்து" என்றார். எப்போதும் சொல்லிப் பழகிய வாய். போனை வைத்த பிறகு, திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்தார். கூப்பிடவில்லை.

தங்கள் வண்டிக்கும் இப்படி வருமா என்று அகஸ்டினா கேட்டாள். வரலாம் என்றார். விற்றுவிடலாமா என்றாள். விற்றுவிட்டு எந்தக் கம்பெனியிடம் போவது என்று அவருக்குப் புரியவில்லை. அதே காரில்தான் ஃபாக்டரிக்குப் போய்வருகிறார்.

லினெட் இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காரை எடுத்துச் சர்ச் பூசைக்கு ஓட்டிப் போகிறாள். விக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் புருஷோத்தமன் தன் மருமகனுக்குக் கார் பார்ப்பதாகச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்டார். கேன்டீனில் இருந்தவர்கள் ஏஜென்ட் ஆரம்பிக்கப்போகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலப்பா" என்றார் சவரிராயன். ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார்.