சங்கத்துப் பால் குடிக்கிறதுக்கில்லை

கனடாவிலிருந்து தம்பி வருகிறான் என்றால் வழக்கமாக நான் மதிலுக்கு வெள்ளையடிப்பேன். இம்முறை மதிலை விட்டுவிட்டு, பால் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாவுக்கு வருவதாக அவன் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தான். எனக்கு மட்டும் வேறு காரணம் சொன்னான்.

"அக்கா, நான் சங்கத்தின்ரை கடனைப் பார்க்க வாறன்."

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு எனக்கிருந்த தகுதிகள் இரண்டு: வீட்டில் ஒரு பசு நின்றது, என் கையெழுத்து வட்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் என்பதால் பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று வேறு எங்கள் தலைவர் நம்பினார். அவர் இளைப்பாறிய கிராம சேவகர். எதையும் நம்பிவிடுவார்.

கடன் வந்த கதையையும் சொல்லவேண்டும். நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற காலம் ஒன்று இருந்ததே, அப்போது பெட்டியில் தூளாக வரும் பால்மாவும் கிடைக்கவில்லை. தொழுவத்தில் பசுவைக் கட்டி வைத்துவிட்டு நானே மருதனார்மடம் சந்தியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு மூன்று மாடுகள். இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். பால்மா கிடைக்காத சனம் வேறு வழியில்லாமல் சங்கத்துப் பாலைத் தேடி வந்தது. விடிய ஆறரைக்கே பால் முடிந்துவிடும். தலைவர் தலைகால் தெரியாமல் ஆடினார். இனி எப்போதும் இப்படித்தான் என்று வங்கியில் கடனெடுத்து, குளிரூட்டும் தாங்கியும் யோகட் செய்கிற இயந்திரமும் வாங்கினோம். வங்கிக் காசு போதவில்லை. அப்போதுதான் நான் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவனும் அங்கிருக்கிற ஐந்து சினேகிதரும் சேர்ந்து ஒரு நல்ல தொகையைச் சங்கத்தில் வைப்பிலிட்டார்கள். வட்டியோடு திரும்பி வரும் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

பிறகு பால்மா கடைகளுக்குத் திரும்பி வந்தது. சனமும் பால்மாவுக்குத் திரும்பிப் போனது.

யோகட் கோப்பைகள் தேங்கின. நிர்வாக சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒரு பெட்டி வாங்கவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் கையில் பெட்டியைக் கண்டாலே வளவுக்குள் ஓடி ஒளிந்தார்கள். வங்கி மூன்றாவது கடிதமும் போட்டுவிட்டது. தலைவரோ இன்னொரு கடனெடுத்து ஐஸ்கிறீம் செய்யலாம் என்று புதுத் திட்டத்தோடு நின்றார்.

தம்பி வந்த அன்றே தன் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தான். வைப்பு முழுவதையும் திரும்பக் கேட்கும் கடிதம். ஆறு பேரும் கையொப்பமிட்டிருந்தார்கள்.

"இதைக் குடுத்தா வங்கிக்காரன் அடுத்த நாளே தாங்கியைத் தூக்கிக்கொண்டு போவான்ரா" என்றேன்.

"அது எனக்கு விளங்குது அக்கா. அவங்கள் அங்கை என்னைக் கேக்கிறாங்கள். உன்ரை வாயை நம்பித்தானே காசு போட்டவங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. ஆனால் எனக்குக் கவலை என் வாய் மட்டுமல்ல. எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒரு பெண் இருக்கிறாள். புருசன் இல்லை, இரண்டு பசுக்கள் இருக்கின்றன. பால் வாங்க வரும் தனியார் வாகனம் அந்த ஒழுங்கைக்குள் நுழையாது. அவளுடைய கொஞ்சப் பாலுக்காக இறங்கி நடக்க அதில் வருபவர்களும் மாட்டார்கள். மழையோ வெயிலோ இரண்டு நேரமும் அவளுடைய பாலை வாங்குவது சங்கம் ஒன்றுதான். சங்கம் மூடினால் அவள் மாடுகளை விற்கவேண்டியதுதான். இதைத் தம்பிக்குச் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று உறையைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, வாசிகசாலை மண்டபத்தில். தலைவர் எங்கோ இரவல் வாங்கிய இயந்திரத்தால் சுவரில் படம் காட்டினார். முதல் படத்தில் பனிமலை அடிவாரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள் மேய்ந்தன. எங்கள் மாடுகள் பூவரசங்குழையும் வைக்கோலும் தின்று, அதற்கேற்றபடி பால் தருகின்றவை. இரண்டாவது படத்தில் ஐஸ்கிறீம். மூன்றாவதில் ஓர் அம்புக்குறி மேலே மேலே போனது. அது எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு தம்பி எழும்பினான். கையில் அச்சடித்த இரண்டு பக்கக் கேள்விகள். கடன் எவ்வளவு, எப்போது கட்டி முடியும், ஐஸ்கிறீமை வாங்கப்போவது யார் என்று முதல் பக்கம் முழுக்கக் கேட்டான். தலைவர் ஒவ்வொன்றுக்கும் "நல்ல கேள்வி" என்று பதில் சொன்னார். மண்டபம் வேர்த்தது. நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வந்தது.

ஒழுங்கைக் கடைசிப் பெண்தான் அன்று தேத்தண்ணிக்குப் பொறுப்பு. தட்டத்தோடு தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் ஒரு வாய் குடித்தான்.

"நல்லாயிருக்குத் தங்கச்சி. எங்கடை சங்கத்துப் பாலோ?"

"இல்லை அண்ணை, பால்மா."

"பால் சங்கத்தின்ரை கூட்டத்திலையோ?"

அவள் அவனை வெகுளியாகப் பார்த்தாள். "சங்கத்துப் பால் விக்கிறதுக்கண்ணை. குடிக்கிறதுக்கில்லை."

தம்பி இரண்டாம் பக்கத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "இஞ்சை இருக்கிற ஆக்களிலை, இண்டைக்கு விடிய வீட்டிலை எங்கடை பாலிலை தேத்தண்ணி குடிச்சது எத்தினை பேர்? கையை உயர்த்துங்கோ பாப்பம்."

ஒரு கையும் எழவில்லை. தலைவர் தன் கண்ணாடியைத் துடைத்தார். தம்பி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். அன்று விடிய அவன் என் வீட்டில் இரண்டு தேத்தண்ணி குடித்திருந்தான். இரண்டும் பால்மா. நான் பேனையை மூடினேன், திறந்தேன். இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது? 'உறுப்பினர்களுக்குத் தேநீர் பரிமாறப்பட்டது' என்று எழுதினால் பொய்யில்லைத்தான். ஆனால் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எழும்பிவிட்டேன்.

"நான் ஒண்டு சொல்லவேணும். என்ரை காலமைப் பால்தான் சங்கத்துக்கு வாறது. பின்னேரப் பால் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போகுது. அவன் உடனை காசு தாறான்."

பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். "ரீச்சர், என்ரையும் அங்கைதான் போகுது." அடுத்தவர் தன்னுடையது இனிப்புக் கடைக்கு என்றார். இன்னொருவர் கொழுப்புக் கூடின பாலைத் தனியார் வாகனத்துக்கும் மிச்சத்தைச் சங்கத்துக்கும் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார். கடைசியில் தலைவரும் வாய் திறந்தார். அவருடைய மருமகள் சங்கம் இருக்கும் திசைக்கே பால் கொண்டுபோவதில்லையாம். இத்தனை நாளும் யோகட்டையும் வட்டியையும் குறை சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் அன்றுதான் சிரித்துச் சிரித்துக் கணக்கை ஒப்பித்தோம். சிரிக்காமல் நின்றவள் தட்டத்தோடு நின்ற அந்தப் பெண் மட்டுந்தான். இரண்டு நேரப் பாலையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றியவள் அவள் ஒருத்திதான்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐஸ்கிறீம் அன்றே கரைந்தது. எல்லோரும் இரண்டு நேரப் பாலையும் சங்கத்துக்கே தருவது, கொக்குவில் பக்கம் மாடு இல்லாத வீடுகளுக்கு விடியற்காலையில் போத்தலில் பால் கொண்டுபோய்க் கொடுப்பது, யோகட்டை யாராவது முன்கூட்டிக் கேட்டால் மட்டும் செய்வது என்று தீர்மானம் எழுதினேன். தம்பி மட்டும் பிடிகொடுக்கவில்லை. போகிற அன்று சொல்கிறேன் என்றான்.

அடுத்த இரண்டு கிழமை நான் உத்தமியாக இருந்தேன். பின்னேரப் பாலோடு சந்திக் கடையைத் தாண்டிப் போகையில் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொக்குவிலில் முதல் நாள் நாலு வீடு, பிறகு ஒன்பது வீடு. வீட்டிலிருந்த பால்மாப் பெட்டியை அலுமாரியின் உச்சியில் ஏற்றி வைத்தேன். தம்பி திருவிழாவிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் திரிந்ததால் விடியத் தேத்தண்ணி என் கையால் குடிக்க அவனுக்கு வாய்க்கவில்லை.

போகிற அன்று காலை வாய்த்தது. அப்போதுதான் கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சி, நல்ல சாயத்தில் தேத்தண்ணி போட்டு, சோசரோடு கொண்டுபோய் வைத்தேன். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் குடித்தான். முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்னடா?"

"ஒண்டுமில்லை அக்கா. பால் மணக்குது."

"பாலுக்குப் பால் மணக்காமல் பெற்றோலே மணக்கும்?"

"அதில்லை. பழகிப்போச்சு. பால்மா கொஞ்சம் இருக்கோ?"

எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. காசு போட்டவனுக்கே இறங்காத பால் கொக்குவிலில் யாருக்கு இறங்கும்? அலுமாரி உச்சியைப் பார்த்தேன். எழும்பவில்லை. "இல்லை" என்று பொய் சொன்னேன்.

அவன் என்னையும் அலுமாரியையும் பார்த்தான். பெட்டியின் மஞ்சள் மூலை அங்கே நன்றாகவே தெரிந்தது. கோப்பையை எடுத்து, சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த அதே முகத்தோடு, மடமடவென்று குடித்து முடித்தான். பிறகு பையைத் திறந்து உறையை எடுத்து என் கையில் தந்தான்.

"என்ரை காசெல்லோ, நான் குடிக்கத்தானே வேணும். இதை உன்ரை குறிப்புப் புத்தகத்துக்குள்ளை வை. வாற திருவிழாவுக்கு வந்து பாப்பன். அதுவரைக்கும் திறக்காதை. அவங்களோடை நான் கதைக்கிறன்."

வாகனம் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. படலையைச் சாத்தும்போது ஒழுங்கைக் கடைசிப் பெண் பால் கானோடு சைக்கிளில் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். "அண்ணை போயிட்டாரோ?" என்று கேட்டாள். "ஓம், அடுத்த வருசமும் வாறானாம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு மிதித்தாள்.

உள்ளே வந்து கோப்பையை எடுத்தேன். பாலாடையை மட்டும் விரலால் வழித்துச் சோசரின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தான். ஒரு காலத்தில் பாலாடைக்காக என் பின்னலைப் பிடித்து இழுத்து அடித்தவன் அவன். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அதை நானே எடுத்துச் சாப்பிட்டேன். எனக்கும் மணந்தது.