ஒடித்துப் பார்த்த வெண்டைக்காய்

வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்க்காமல் அப்பா வாங்கியதே கிடையாது. மயிலாப்பூர் மாடவீதியில் உட்காரும் காய்க்காரம்மாவிடம் இதற்காக வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "ஒடிச்சி ஒடிச்சிப் போட்டுகினு கீறியே சார், இத்த யாரு வாங்குவா?" எனக்கு மானம் போகும். பத்தடி தள்ளி நின்று, யார் வீட்டு அப்பாவோ என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. வலது கட்டைவிரல் மட்டும் திரும்பவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால், இதை அமுக்கி என்ன ஆகப்போகிறது என்று சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுவார். ஐந்து மாதம் இப்படியே போனது. அந்த விரல் இனி அவ்வளவுதானோ என்று எனக்குள் பயம் வந்துவிட்டது.

எனக்கு அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மின்சாரம் கொடுத்தால் உப்பும் மெல்லிய ரப்பர் படலம் செய்து, கையுறையின் விரல் நுனிகளுக்குள் ஒட்டுவோம். கண்ணை மூடும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதில் தெரியும் பொய்க் காயைத் தொட்டால் படலம் உப்பி விரலை அழுத்தும். நிஜமாகவே எதையோ பிடித்திருப்பதுபோல் இருக்கும். பக்கவாதம் வந்தவர்களின் பயிற்சிக்காக அதில் ஒரு காய்கறிக் கடை வைத்திருந்தோம். எடுத்துப் பையில் போட வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை டாக்டர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு அப்பாவைக் கூட்டிப்போனேன்.

தக்காளியை நாலு விரலால் அள்ளிப் போட்டார். கத்தரிக்காயும் அப்படித்தான். வெண்டைக்காய் கைக்கு வந்ததும் நின்றுவிட்டார். முனையைத் தேடிப் பிடித்தார். ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. பத்து நாள் உட்கார்ந்து நான் செய்த படலம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னப்பா பண்றீங்க? எடுத்துப் பையில போட்டா போதும்னு சொன்னேன்ல?"

"ஒடிக்காம எப்படிம்மா வாங்கறது?" என்றார், கண்ணாடியைக் கழற்றாமலே.

கையுறையை வெடுக்கென்று உருவிக் கிழிசலைத் தேடினேன். நாலு விரலிலும் ஒன்றுமில்லை. கட்டைவிரலில் இருந்தது. அழுத்தாமல் அது கிழியாது. திட்ட வாயெடுத்தவள் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமையைப் பழைய படலம் ஒன்றை வைத்து ஒப்பேற்றினோம்.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் மாடவீதிக்குப் போனோம். இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பா ஒரு வெண்டைக்காயை எடுத்தார். முனை வளைந்தது, ஒடியவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஒடியவில்லை. காய்க்காரம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தப்போகிறார், எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அதற்குள் அவர் கூடையைக் கிளறி, சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

"அது முத்தல் சார். இது பிஞ்சு. இத்த ஒடி."