மூணாம் கிணற்றுப் பிரகாசம்

கரண்டியைக் குழம்பின் மேல் படுக்கவைத்தாற்போலப் பிடித்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, பிரகாசம் எண்ணெயை மட்டும் வழித்தெடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசைக்குப் போய்வந்து அவர் மனைவி சகாயமேரி வைத்த வஞ்சிரக் குழம்பு. மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் பிரிந்து நிற்கிறது. சோற்றில் முதலில் அதுதான் விழவேண்டும். குழம்பு ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. "அவசரப்பட்டா கீழ இருக்கறது மேல ஏறிடும்" என்பார். அவர் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்கிற சகாயமேரி, இந்த மனுஷனுக்கு ஆபீசில் சம்பளம் கொடுப்பதே இதற்குத்தான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வாள். கேலிக்குச் சொன்னாலும் உண்மை அதுதான்.

முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடி வீடு. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நகரத்துக்குப் போய் ஓர் எண்ணெய்க் கம்பெனி ஆபீசில் உட்காருவார். திருவாரூர்ப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே புதிதாக எண்ணெய் கண்டிருந்தார்கள். அந்த இடத்துக்கும் ஆபீசில் வயல் என்றுதான் பேர், எண்ணெய் வயல். எந்தக் கிணற்றிலிருந்து எவ்வளவு எடுப்பது, இந்த வருஷம் எவ்வளவு, வரும் வருஷங்களுக்கு எவ்வளவு விட்டுவைப்பது என்று திட்டம் போடுவது பிரகாசத்தின் பொறுப்பு. பூமிக்கடியில் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் நிற்கிறது. மெல்ல எடுத்தால் எண்ணெய் வரும். ஆசைப்பட்டு இழுத்தால் அடியில் இருக்கிற தண்ணீர் கூம்பு மாதிரி எழும்பிவந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். ஒருதரம் வழி கண்டுபிடித்த தண்ணீர் திரும்பிப் போகாது. அதனால் கிணற்றின் வாயில் நடுவே துளை போட்ட ஓர் இரும்பு வில்லையை வைத்து ஓட்டத்தை அடக்குவார்கள். அந்தத் துளை எவ்வளவு பெரிசு என்பதில்தான் அவருடைய படிப்பு, அனுபவம், தூக்கம் எல்லாம் அடங்கியிருந்தன. ஆபீசில் அதற்கு ஆங்கிலப் பெயர் உண்டு. பிரகாசத்துக்கு அது ஓட்டை. "ஓட்டை விஷயத்துல நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்று பஸ்ஸில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட, பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார்.

வீட்டிலும் அதே கைதான். குழாயைக் கால் திருகலுக்கு மேல் திறக்க மாட்டார். பற்பசையை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருவார். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சரவெடி கொளுத்தினால், ஒவ்வொன்றாக வெடித்திருக்கலாமே என்று முகம் வாடிப்போகும்.

அவர் வீட்டில் போன் கிடையாது. விண்ணப்பித்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அவசரத்துக்குக் கீழ்வீட்டு நம்பர். பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹாஜா மொய்தீனின் வீடு அது. அவர் மனைவி வஹீதுன்னிசா, "அண்ணே, உங்களுக்கு வெளியூர் லைன்" என்று படிக்கட்டில் நின்று கூப்பிடுவாள். பிரகாசம் ஓடிப்போய், அவள் கூடத்தில் நின்று, வயலில் எப்படி இருக்கிறது, கிணற்றில் எப்படி இருக்கிறது, தண்ணீர் உண்டா என்று கத்திக் கத்திக் கேட்பார். காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்த வஹீதுன்னிசா, மாடி வீட்டண்ணனுக்கு இங்கே கம்பெனி உத்தியோகம், தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தமாக நிலம், அதைப் பார்த்துக்கொள்ள வேம்புலி என்று ஓர் ஆள் என முடிவு கட்டியிருந்தாள். வேம்புலி ஆவடிக்காரன், கிணற்றடியில் வேலை பார்க்கிறவன். அவளுடைய கணக்கை யாரும் திருத்தவில்லை. அப்படி ஒரு கணக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் மூணாம் கிணறு பிரகாசத்தைப் பிடித்து ஆட்டியது. இருக்கிற கிணறுகளில் அதுதான் வேகம். மேலே இருந்தவர்களுக்கு டெல்லியில் காட்ட ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. ஓட்டையை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். பிரகாசம் முடியாது என்றார். பேசினார், படம் போட்டுக் காட்டினார், மீன் குழம்பை உதாரணம் சொல்லிச் சிரிப்புக்கும் ஆளானார். கடைசியில் அவர்கள் சொன்னதும் இல்லாமல், தான் சொன்னதும் இல்லாமல், நடுவாந்தரமாக ஓர் அளவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரும் வருஷங்களின் திட்டம் மொத்தமும் அந்த ஒரு கிணற்றின் மேல்தான் நின்றது. அதில் தண்ணீர் ஏறிவிட்டால் கிணறு போச்சு. ஓட்டைக்குக் கையெழுத்து யாருடையது என்று அப்புறம்தான் தேடுவார்கள்.

முகப்பேரிலோ தண்ணீர்ப் பஞ்சம். குழாயில் காற்றுதான் வந்தது. என்றைக்காவது ஒருநாள் காலையில், "தண்ணி வந்துடுச்சி" என்று கீழேயிருந்து ஒரு குரல் கிளம்பும். குடியிருப்பு முழுக்கக் குடத்தோடு குதூகலமாக ஓடும். சவரம் செய்துகொண்டிருக்கிற பிரகாசம் மட்டும் கன்னத்தில் கத்தியோடு விறைத்து நிற்பார். அந்த மாதம் அவர் தாடையில் கீறல் ஆறவேயில்லை.

புது ஓட்டை வைத்தபின் கிணற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். முடிவு தெரிந்ததும் வேம்புலி பேசுவதாக ஏற்பாடு. பூசை முடிந்த கையோடு பிரகாசம் கீழ்வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. வஹீதுன்னிசா கொடுத்த டீயும் ஆறியது. சாப்பிட்டுவிட்டாவது போங்கள் என்று சகாயமேரி வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கரண்டி ஆழம் போய்விட்டது. எண்ணெயோடு குழம்பும் வந்து சோற்றில் விழுந்தது. பிரகாசம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வஹீதுன்னிசா. கையில் மூடி போட்ட பெரிய தூக்கு. முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, உங்க ஆளு பேசுனாரு. உங்களைக் கூப்புடறதுக்குள்ள லைன் பூட்ச்சி. மனசைத் தேத்திக்கங்க."

பிரகாசம் எச்சில் கையோடு எழுந்தார். என்ன சொன்னான் என்று சகாயமேரிதான் கேட்டாள்.

"தண்ணி வரலியாம். மூணாம் கெணத்துல ஒரு சொட்டுகூட இல்லியாம்."

"வரலன்னா சொன்னான்? வந்துடுச்சின்னு இல்லியே? நல்லா ஞாபகப்படுத்திப் பாரும்மா" என்றார் பிரகாசம்.

"இதுல நான் எதுக்கண்ணே பொய் சொல்றேன். ரெண்டு தபா சொன்னாரு. அதையும் சிரிச்சிகினே சொல்றாரு அந்தாளு. மொதலாளி வயலு காஞ்சி கெடக்குது, அவருக்குச் சிரிப்பு கேக்குது." தூக்கைத் தரையில் வைத்தாள். "காவேரி ஓடுற ஊருக்கே இந்தக் கதின்னா நாம எங்க போறது? எங்க ஊட்ல நேத்து லாரித்தண்ணி கொஞ்சம் புடிச்சி வெச்சிருந்தேன். குடிக்கவாச்சும் வெச்சிக்கங்க."

பிரகாசம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து, "அக்கா, அண்ணனைப் புடிங்க" என்று வஹீதுன்னிசா பதறினாள். சகாயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். சிரிப்பு அடங்கியபிறகு அவள்தான் விளக்கினாள்: அது நெல் வயல் இல்லை, எண்ணெய் எடுக்கிற இடம், அங்கே தண்ணீர் வந்தால்தான் கேடு.

வஹீதுன்னிசா, "தண்ணி வந்தா கேடா? இன்னா வயலு அது அக்கா" என்றாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டுவந்ததை எடுத்துப்போக மட்டும் மறுத்துவிட்டாள்.

தூக்குத் தண்ணீரைச் சகாயமேரி பானையில் ஊற்றினாள். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தக் குடியிருப்பில் கிடையாது. பிரகாசம் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதைத் தானே வாங்கிக்கொண்டார். குழம்புச் சட்டியின் முன்னால் உட்கார்ந்து கரண்டியை நட்டமாகப் பிடித்து, எண்ணெய் கலைய அடிவரைக்கும் ஒரே முக்காக முக்கி எடுத்தார்.