தோற்றவன் கப்பலில் ஆள் இல்லை

சண்டைப் படங்களில் தோற்ற நாட்டின் பேர்போன போர்க்கப்பலைத் தூரத்தில் வைத்துத்தான் காட்டுவான். கன்னங்கரேலென்று வரும். கூடவே மிரட்டுகிற மாதிரி ஒரு இசை. ஜெயித்தவன் கப்பலில் சமையல்காரன்கூட சிரிப்பான், வீட்டுக்குக் கடிதம் எழுதுவான். தோற்றவன் கப்பலில் தொப்பி போட்ட ஒருத்தன் மட்டும் கத்துவான். மற்றதெல்லாம் இரும்பு. மூழ்கினால் கைதட்டல். கள்ளக்குறிச்சியில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன் நான். அந்த அயோக்கியத்தனத்தில் எனக்கும் பங்குண்டு.

எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்த சமயம். பஸ் இல்லை. புதுப் படப்பெட்டி வரவில்லை. இருந்த கப்பல் படத்தையே ஓட்டச் சொன்னார் முதலாளி. ரிஷிவந்தியம் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் நானும் ஆபரேட்டர் ரூமிலேயே கிடந்தேன். மறியலுக்குப் போன என் தம்பியைப் போலீஸ் பிடித்துப் போனதாக மட்டும் சேதி வந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. பேப்பரைப் புரட்டினேன். வெட்டிப்போட்ட புளியமரம், கருகின டயர். கீழே "கும்பல்" என்று எழுதியிருந்தான். ஒரு முகம் இல்லை.

இங்கிலீஷ் படத்தில் பேச்சு நீண்டால் ஜனம் கூச்சல் போடும். அதனால் பெட்டி வந்ததும் அந்தக் காட்சிகளை வெட்டி ஆணியில் மாட்டிவிடுவோம். திருப்பி அனுப்பும்போது ஒட்டி அனுப்புவோம். இந்தப் படத்தில் நான் வெட்டியது இது: தோற்ற கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. மேலே இருப்பவர்கள் இரும்புக் கதவை மூடிவிடுகிறார்கள். கீழே மாட்டிக்கொண்டவர்கள் தட்டுகிறார்கள். படம் முழுக்க அவர்களுக்கு முகம் இருந்தது அந்த இரண்டு நிமிஷம்தான்.

மறியல் தொடங்கி நாலாம் நாள், பொறுக்க முடியாமல், மேட்னிக்கு அதை ஒட்டி ஓட்டினேன்.

"யோவ் ஆபரேட்டரு! இன்னாயா இது, அழுவாச்சிப் படமா? கப்பல முழுவ வுடுயா!" என்று பெஞ்சிலிருந்து கத்தினார்கள்.

முதலாளி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "எதிரி அழுவறத எவன்யா பாப்பான்? வெட்டிக் கடாசு."

வெட்டினேன்.

எட்டாம் நாள் மேட்னி ஓடும்போது தம்பி நடந்தே வந்து சேர்ந்தான். இடது கை வீங்கியிருந்தது.

"எங்கடா வெச்சிருந்தானுங்க?"

"ஒரு ரூம்புலண்ணா. நாப்பது பேரு. தண்ணி கேட்டு கதவத் தட்டனா ஒதைச்சானுங்க."

தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். குடித்துவிட்டு அவன் மிஷினுக்குப் பக்கத்துச் சுவர் ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தான்.

"கப்பல் முழுவப் போவுதா? நவுருண்ணா, நவுரு!"

கப்பல் கவிழ்ந்தது. கொட்டகையே கைதட்டியது. நல்ல கையின் விரலை வாயில் வைத்து இவனும் விசில் அடித்தான்.

அவன் தலைக்கு மேலேதான் ஆணியில் நான் வெட்டிய அந்த ஃபிலிம் துண்டு தொங்கியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இவனுங்களப் பாருடா என்று காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. எட்டு நாள் கழித்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.